வண்டியை நிறுத்தச் சொன்ன சிஸ்டர்

பிள்ளைகளா,

என் மகள் இப்போது உங்களோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பிறந்த குழந்தைகளைக் கொடைக்கானலிலிருந்து கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஆம்புலன்சில் அவள் நர்ஸ். அதே பாதையில் டிரைவராக ஓடி ஓய்ந்தவன் நான். "அப்பா, என்கூட புதுசா சேந்தவங்க எல்லாருக்கும் சேத்து ஏதாவது எழுதிக் குடுங்க. வாயால சொல்ல ஆரம்பிச்சா பாதியில தூங்கிருவீங்க" என்றாள். உண்மைதான். இப்போதெல்லாம் பேச்சின் நடுவிலேயே கண் செருகிவிடுகிறது. வளைவு வளைவாக ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக ஆகிவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். டிரைவர் சொன்னால் தப்பாகத்தான் சொல்லுவான். ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பல வருஷத்து ஓட்டத்தில் எத்தனையோ நாள் மறந்துபோயிற்று. இந்த நாள் மட்டும் எவ்வளவு களைப்பிலும் மறக்க மாட்டேன் என்கிறது.

அது சீசன் நேரம். சீசன் என்றால் மலைப்பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏறுகிற வேன்கள், இறங்குகிற பஸ்கள், நடுவில் நிறுத்திப் போட்டோ எடுக்கிறவர்கள். அன்று காலையில் ஆஸ்பத்திரியில் ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. வடகவுஞ்சியில் பூண்டு போடுகிற தங்கவேலுவின் பிள்ளை. கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து வந்த முதல் பிள்ளை. தாய்க்கு ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அவளால் எழுந்திருக்க முடியாது.

குழந்தைக்கு எல்லாம் சரியாக இருந்தது, தாடையைத் தவிர. கீழ்த்தாடை மிகச் சின்னது, உள்வாங்கி இருந்தது. அப்படித் தாடை இருந்தால் நாக்கு இருக்க இடம் போதாமல் பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். மல்லாக்கப் படுக்க வைத்தால் நெஞ்சு குழிந்து குழிந்து உள்ளே போனது, உதடு நீலம் பாய்ந்தது. குப்புறப் படுக்க வைத்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினால் நாக்கு முன்னுக்கு வந்து நிறம் திரும்பியது. "கீழ போற வரைக்கும் இவன் குப்புறத்தான் இருக்கணும், கண்ணை எடுக்காம பாத்துக்கங்க" என்று டாக்டர் எங்கள் சிஸ்டரிடம் சொல்லி அனுப்பினார்.

இதைப் படித்துவிட்டு எல்லாக் குழந்தையையும் குப்புறப் போட்டுவிடாதீர்கள். மற்றப் பிள்ளைகள் மல்லாக்கத்தான் தூங்க வேண்டும். இது அந்தப் பிள்ளைக்கு, அந்தத் தாடைக்கு, பக்கத்தில் ஆள் இருந்து பார்க்கும்போது மட்டும்.

சிஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் சொல்லவில்லை, சொன்னால் கோபித்துக்கொள்வார். சமவெளிக்காரர். மலையில் இத்தனை காலம் வேலை பார்த்தும் இறங்கும்போது வாந்தி நிற்கவில்லை அவருக்கு. ஒவ்வொரு தடவையும் வாந்திதான். அதற்காக இறங்குகிற நாளில் எதுவும் சாப்பிட மாட்டார். ஒரு கையில் எலுமிச்சம்பழம், மடியில் பாலிதீன் கவர். பார்க்கிறவர்கள், "இந்தம்மாவையே யாராச்சும் பாத்துக்கணும் போலிருக்கே" என்று சொல்லுவார்கள். அவருக்கு அது கேட்கும், கேட்காத மாதிரி இருப்பார்.

வண்டியில் பின்னால் சிஸ்டரும் குழந்தையும், கூடவே குழந்தையின் அத்தையும். அத்தை என்றால் தங்கவேலுவின் கூடப் பிறந்த அக்கா, பாக்கியம். பெரிய உடம்பு, பெரிய குரல். தோளில் கம்பளிச் சால்வை. தங்கவேலு முன்னால் என் பக்கத்தில். நானும் பின்னால் இருப்பவர்களும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதைத் திறந்தே வைத்திருந்தேன்.

புறப்படும் முன்பே பாக்கியத்துக்குக் குறை. "ஏந்தாயி, பச்சப்புள்ளய யாராச்சும் குப்புறப் போடுவாங்களா? அதுவா நாளாகி, தானாக் கவுந்து விழுந்தா நாங்க கொழுக்கட்ட அவிச்சு ஊருக்கே குடுப்போம். பொறந்த அன்னைக்கே நீங்களாக் கவுத்துப் போட்டா அது என்ன கணக்கு?"

"இவனுக்கு அப்படித்தாங்க்கா மூச்சு வரும்" என்று சிஸ்டர் சொன்னார். குழந்தையின் விலா ஏறி இறங்குவதைக் காட்டினார். பாக்கியம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நீங்கள் பல தடவை பார்ப்பீர்கள். புரிந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆஸ்பத்திரியில் எதிர்த்துப் பேசக் கூடாது என்றுதான் அர்த்தம்.

குழந்தை மூச்சு விடும்போது ஒரு சத்தம் வந்தது. கேட்டிருப்பீர்கள். கரகரவென்று, ரம்பத்தை ஈரமரத்தில் இழுக்கிற மாதிரி. கேட்கிறவர்களுக்கு நெஞ்சு வலிக்கும். தங்கவேலு இரண்டு காதையும் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிருக்கு என்று சொன்னார். குளிருக்கு அல்ல.

பெருமாள்மலைக்கு வரும்போதே நெரிசல். சைரனைப் போட்டு, ஹாரனை அழுத்தி, ஒரு பஸ்ஸையும் காய்கறி ஏற்றிய ஜீப்பையும் ஒதுக்கிக்கொண்டு சந்திப்பைத் தாண்டினேன்.

"வெரசாப் போங்கண்ணே" என்றார் தங்கவேலு.

"போயிட்டுத்தான் இருக்கேன்."

"இதவிட வெரசா எங்க பூண்டு லாரி போகும்."

"பூண்டு மூட்டைக்கு மூச்சு முட்டாது, தங்கவேலு."

அவர் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஊத்து என்கிற ஊரைத் தாண்டியதும் மழைத் தூறலும் பனியும் சேர்ந்துகொண்டன. அடுத்தடுத்து வளைவுகள். பின்னாலிருந்து சிஸ்டர் குமட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு குழந்தையின் கரகரப்பு. பிறகு சைரன். இந்த மூன்றும் கலந்து காதுக்குள் நிறைந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கரகரப்பு நின்றது.

தங்கவேலு காதிலிருந்து துண்டை அவிழ்த்தார். கவனித்துக் கேட்டார். அவர் முகம் இளகியது. "தூங்கிருச்சுண்ணே" என்றார். ஜன்னல் வழியாகப் பாக்கியமும், "ஆமாடா, கண்ணசந்துட்டான்" என்றார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பிள்ளை தூங்குகிறது, பாதை கொஞ்சம் விட்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சீக்கிரம் இறங்கிவிடலாம். அழுத்தினேன்.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க."

சிஸ்டர் குரல். வாந்தி எடுத்து முடித்த குரல், சன்னமாக இருந்தது. நான், வாந்திக்காக நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன். "அடுத்த வளைவுல இடம் இருக்கு சிஸ்டர்" என்றேன்.

"இங்கயே நிறுத்துங்க. சைரன அமத்துங்க. இஞ்சினையும் அமத்துங்க."

வளைவின் நடுவில், பின்னால் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருக்க, ஆம்புலன்சை எப்படி நிறுத்துவது? பிள்ளைகளா, இந்த இடத்தில்தான் உங்களுக்கும் தடுமாற்றம் வரும். ஆம்புலன்ஸ் என்றாலே ஓட வேண்டும் என்றுதான் நம் கையும் காலும் பழகியிருக்கின்றன. நிற்பது பாவம் மாதிரித் தோன்றும். ஆனால் கேட்டவர் யார்? குழந்தையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் பார்த்தது ரோட்டை. அவ்வளவுதான் யோசித்தேன். ஓரம் கட்டி நிறுத்தி எல்லாவற்றையும் அமர்த்தினேன்.

சைரன் அடங்கியதும்தான் தெரிந்தது, பின்னால் குழந்தையின் சத்தமே கேட்கவில்லை என்று. தூங்குகிற குழந்தை என்றால் ஒரு சின்ன மூச்சுச் சத்தமாவது இருக்கும். அதுவும் இல்லை.

நான் கதவைத் திறந்து பின்னால் ஓடினேன். குழந்தை மல்லாக்கக் கிடந்தான். பாக்கியத்தின் கம்பளிச் சால்வைக்குள் இறுக்கமாகச் சுற்றப்பட்டு, தாடை மார்பில் இடிக்க, பொம்மை மாதிரிக் கிடந்தான். சிஸ்டர் கவரில் தலை கவிழ்ந்த நேரத்தில் அத்தை திருப்பியிருக்கிறார். குளிருகிறதே, குப்புறக் கிடந்து அழுகிறதே என்று. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. நம் மலையில் பிறந்த பிள்ளையை எல்லாரும் அப்படித்தான் சுற்றுகிறோம். என் மகளையும் நாங்கள் அப்படித்தான் சுற்றினோம்.

குழந்தையின் பாதத்தில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். வளைவில் குலுங்கும்போதெல்லாம் அது சும்மா சும்மா கத்தும். பாதம் சில்லிட்டால் எண்ணே காட்டாது. அன்றைக்கும் சைரனுக்கு அடியில் அது கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எங்களில் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

சிஸ்டர் சால்வையை அவிழ்த்தார். குழந்தையின் நெஞ்சு உள்ளே குழிந்தது, வயிறு மேலே எழும்பியது. மூச்சுக்குப் பாடுபடுகிறான். ஆனால் காற்று போகவில்லை. அதனால்தான் சத்தமில்லை. உதடு நாவல்பழ நிறம். சிஸ்டர் அவனைக் குப்புறத் திருப்பினார். விரலால் தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடித்தார். வாயோரம் கட்டியிருந்த கோழையை உறிஞ்சினார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை.

தங்கவேலு என் சட்டையைப் பிடித்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னா நடுரோட்டுல நிப்பாட்டி வச்சிருக்கீங்க. ஏறுங்கண்ணே வண்டியில. ஏறுங்க." பின்னால் நின்ற டூரிஸ்ட் வேன் டிரைவர் தலையை நீட்டி, "என்னண்ணே, ஆம்புலன்ஸ்ல டீ குடிக்க நிறுத்திட்டீங்களா?" என்றான். சிஸ்டர் யாரையும் பார்க்கவில்லை. குழந்தையின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கரகரவென்று அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஒன்று. ஒரு இடைவெளி. பிறகு இன்னொன்று. அப்புறம் தொடர்ந்து வந்தது. தங்கவேலு என் சட்டையை விட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கூடாது என்றுதான் காதைக் கட்டிக்கொண்டிருந்த மனுஷன், இப்போது வண்டிப் படியில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பாக்கியம் மூலையில் ஒடுங்கிப் போயிருந்தார். "நாந்தான் திருப்புனேன் தாயி. நாந்தான். கொன்னுருப்பேனே" என்றார். அவ்வளவு பெரிய குரல் உள்ளுக்குள் போய்விட்டது.

சிஸ்டர் திட்டியிருக்கலாம். திட்டுவார் என்றுதான் நானும் நினைத்தேன். உங்களிடமும் இப்படி ஒரு நேரம் வரும், திட்டத் தோன்றும். திட்டினால் அந்த அம்மா மீதிப் பாதை முழுக்க அழுதுகொண்டு மூலையில் இருந்திருப்பார். சிஸ்டருக்கோ அடுத்த வளைவில் மறுபடி வாந்தி வரும், அது அவருக்கே தெரியும். மறுபடி குழந்தையைப் பார்க்க ஆளிருக்காது.

சிஸ்டர் பாக்கியத்தின் கையைப் பிடித்து இழுத்துக் குழந்தையின் முதுகின் மேல் லேசாக வைத்தார். "அக்கா, அழுத்தாதீங்க. இப்படியே வச்சிருங்க. மூச்சு வரும்போதெல்லாம் கைக்குத் தெரியும். சத்தமும் கேக்கும். ரெண்டும் சேந்து வந்தா 'வருது'ன்னு சொல்லுங்க. வாய்விட்டுச் சொல்லுங்க. நான் கவுந்து கெடந்தாலும் எனக்கு உங்க குரல் கேக்கணும்."

"வல்லேன்னா?"

"சொல்றத நிறுத்திருங்க. நான் எந்திரிச்சிருவேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, சைரன் வேண்டாம். அக்கா சொல்றது எனக்குக் கேக்காது."

"சீசன் நேரம் சிஸ்டர். சைரன் இல்லேன்னா ஒருத்தனும் ஒதுங்க மாட்டான்."

"மெதுவாப் போனாலும் பரவாயில்ல. கேக்காம போகக் கூடாது."

தங்கவேலு எழுந்தார். "நான் கத்துறேண்ணே" என்றார். "லாரி மேல மூட்டையில உக்காந்து இந்த ரோட்டுல வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து கத்திட்டுத்தான் வாரேன். நீங்க ஓட்டுங்க."

அப்படித்தான் இறங்கினோம். விளக்கு மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. தங்கவேலு ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, காதில் கட்டியிருந்த துண்டை வீசி வீசிக் காட்டி, எதிரே வருகிறவனையெல்லாம் கூப்பிட்டார். "ஏலே ஜீப்பு, ஒதுங்குலே, உள்ள பச்சப்புள்ள கெடக்கு. சார், சார், கார ஓரங்கட்டுங்க சார், போட்டோவ அப்புறம் எடுங்க." மழையில் நனைந்து தொங்கிக்கொண்டு வந்தார். நம்ப மாட்டீர்கள், சைரனுக்கு ஒதுங்காதவனெல்லாம் அந்தத் துண்டுக்கு ஒதுங்கினான்.

பின்னால் பாக்கியத்தின் குரல் ஒரே தாளமாக வந்துகொண்டிருந்தது. வருது. வருது. வருது. வளைவில் குமட்டல் சத்தம். அதற்கு மேல் வருது. டம்டம் பாறைக்கு முன்னால் ஒரு தடவை அந்த வார்த்தை நின்றது. நான் பிரேக்கில் கால் வைப்பதற்குள், சிஸ்டர் எழுந்து குழந்தை பக்கம் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடி வருது. சமவெளிக்கு வந்து காற்று சூடாகியும் பாக்கியம் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையைக் கை மாற்றிய பிறகும் வெறும் கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு நின்றார். சிஸ்டர்தான் அந்தக் கையைப் பிடித்து மடக்கிவிட்டார்.

திரும்பி ஏறும்போது சிஸ்டர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஏறும்போது அவருக்கு வாந்தி இல்லை. எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சத்தம் போடுற புள்ளையப் பாத்து எல்லாரும் பயப்படுறாங்கண்ணே. சத்தம் போடுதுன்னா காத்து போகுதுன்னு அர்த்தம். சத்தம் நின்னாத்தான் எனக்குப் பயம். தூங்குதா, அடச்சிருச்சான்னு பாக்காம விடக் கூடாது." அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்ன பாடம். அதற்குப் பிறகு நான் வண்டி ஓட்டிய நாள் வரைக்கும், பின்னால் அமைதியானால் நானே கேட்டுவிடுவேன், "சிஸ்டர், என்ன சத்தத்தக் காணோம்?" என்று. சில புது நர்ஸ்கள், இவர் யார் கேட்பதற்கு என்று முறைப்பார்கள். முறைக்கட்டும். பார்த்துவிட்டு முறைத்தால் போதும்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அதை உங்களிடம் மறைக்கக் கூடாது. எல்லாம் சரியாகச் செய்தும் வெறும் துணியோடு திரும்பி வந்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் வண்டியைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. பிள்ளைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் தள்ளிவிடத் தோன்றும், அப்புறம் அதற்காக வருத்தமாக இருக்கும். என் மகளுக்கு இது நினைவிருக்கலாம். அது ஏன் என்று இனி அவளே தெரிந்துகொள்வாள். அந்தக் களைப்புக்கு மருந்து எனக்குத் தெரியவில்லை.

அப்படி ஒரு நாளில்தான், மாதங்கள் கழித்து, பாக்கியத்தைப் பார்த்தோம். காலையில் கொண்டுபோன குழந்தை பிழைக்கவில்லை. திரும்பி ஏறி வந்து பெருமாள்மலையில் ஒரு கடை ஓரமாக நிறுத்தியிருந்தோம். சிஸ்டர் இறங்கவே இல்லை. சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்ற பாக்கியம் வண்டியை அடையாளம் கண்டு, தூக்குவாளியோடு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு உங்களத் தேடித்தான் வந்துக்கிட்டிருக்கேன் தாயி" என்று தூக்குவாளியைத் திறந்து நீட்டினார். கொழுக்கட்டை. இன்னும் சூடு இருந்தது.

சிஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். அந்தப் பிள்ளை கீழே வெகுநாள் இருந்து, மூக்கில் குழாய் வைத்துப் பால் குடித்து, தாயும் அத்தையும் மாறி மாறிக் காவல் இருந்து, வீட்டுக்கு வந்துவிட்டான் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். "என்னக்கா, குப்புற விழுந்துட்டானா?" என்றார் சிஸ்டர்.

பாக்கியம் சிரித்தார். "அவன் பொறந்ததுலருந்து குப்புறத்தானே கெடக்கான். அதுக்கு யாரு கொழுக்கட்ட அவிப்பா? தாட கொஞ்சம் வளந்துருக்கு, இனி மல்லாக்கப் படுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நேத்துத்தான் மொதமொதல்ல மல்லாந்து படுத்துத் தூங்குனான். எனக்கு எங்க தூக்கம்? முதுகுல கை வைக்க முடியாதே, நெஞ்சு மேல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு தாயி. சத்தமே இல்லாம வந்துச்சு."

சிஸ்டர் ஒரு கொழுக்கட்டையை எடுத்தார். இன்னொன்றையும் எடுத்தார். இரண்டாவதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இன்னொரு குழந்தை, உடனே கீழே இறங்க வேண்டும். "சாப்பிட்டுட்டீங்களே சிஸ்டர்" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று மேலே போய்க் குழந்தையை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஊத்து தாண்டிய இரண்டாவது வளைவிலேயே அத்தனையும் வெளியே வந்துவிட்டது. நான் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில் கவர், இன்னொரு கை குழந்தையின் மேல். "போங்கண்ணே, சத்தம் வருது" என்றார். நான் சைரனைப் போடாமலே ஓட்டினேன்.